எல்எஃப்ஏ-1 இல்லாட்டியும் தைமஸ்ல டி செல் வளருதே, எப்பிடி?

வெள்ளவத்தைப்_பொடியன்:
நாளண்டைக்கு இம்யூனோ பேப்பர். குப்பியில (சீனியர்மார் எடுக்கிற கிளாஸ்) ஒரு அண்ணா சொன்னார் தைமஸ்ல (நெஞ்சுக்குள்ள டி செல் முத்துற உறுப்பு) டி செல் (கிருமியை எதிர்க்கிற ஒரு வெள்ளணு) வளரேக்க அதுல இருக்கிற எல்எஃப்ஏ-1 எண்ட ஒட்டுப் புரதம் போய் தைமஸின்ட எபிதீலியல் செல்லில இருக்கிற ஐகேம்-1 எண்ட புரதத்தைப் பிடிக்கும், அது முக்கியம் எண்டு, நானும் எழுதி வச்சன். பிறகு பாத்தா எல்ஏடி-1 எண்ட பிறவி வருத்தம் இருக்கிற பிள்ளைகளுக்கு எல்எஃப்ஏ-1இன்ட ஒரு சங்கிலியான சிடி18 பிழை, எல்எஃப்ஏ-1ஏ ஒழுங்கா இல்லை, ஆனா ரத்தத்துல டி செல் இருக்காம். அப்ப அது எதைப் பிடிச்சுக்கொண்டு வளந்தது? மண்டை காயுது.

லேப்_அக்கா:
தம்பி, கொழுக்கி ஒண்டுதான் எண்டு நினைச்சதுதான் பிழை. என்பு மச்சையில இருந்து வாற முன்னோடி செல், தைமஸின்ட வெளிப்பகுதி கோர்டெக்ஸும் உள்பகுதி மெடுலாவும் சந்திக்கிற இடத்து ரத்தக்குழாயாலதான் உள்ளுக்கு வரும். 100 பஸ் வெள்ளவத்தையில நிப்பாட்டாம ஸ்லோ மட்டும் பண்ணுவானே, கம்பியைப் பிடிச்சபடி நாலடி ஓடித்தானே இறங்குவீங்கள், அதேதான், குழாய்ச் சுவரில இருக்கிற பி-செலெக்டின் எண்ட புரதத்தைப் பிடிச்சு உருண்டு பிறகுதான் இன்டெக்ரினால (எல்எஃப்ஏ-1 மாதிரியான ஒட்டுப் புரதக் குடும்பம்) இறுக்கி நிக்கும். உள்ளுக்கு வந்தாப்பிறகு கோர்டெக்ஸ்ல விகேம்-1 எண்ட புரதத்தைப் பிடிக்கிறது விஎல்ஏ-4 எண்ட இன்னொரு இன்டெக்ரின். அதுல இருக்கிறது பீட்டா 1 சங்கிலி, சிடி18 எண்டுறது பீட்டா 2, ஜீனே வேற. அதால எல்ஏடி-1 அதைத் தொடாது.
டி செல்லில சிடி2, மற்ற செல்லில சிடி58 எண்டு இன்னொரு ஜோடியும் இருக்கு, அது இன்டெக்ரினே இல்லை. அந்தக் காலத்து லேப்ல டி செல் எண்ணுறதுக்கு செம்மறியாட்டு ரத்தச் சிவப்பணுவைக் கலக்கிறவை, டி செல்லைச் சுத்திப் பூ மாதிரி ஒட்டிக்கொண்டு நிக்கும், அந்த ஒட்டு சிடி2ட வேலை.

குப்பி_மச்சான்:
அக்கா சொன்னது சரி, ஆனா எல்எஃப்ஏ-1 சும்மா எண்டு எழுதிடாத மச்சான். டி செல்லின்ட ஏற்பி டிசிஆர், மற்ற செல் புரதத்துண்டைத் தூக்கிக் காட்டுற எம்எச்சியைப் பாக்கேக்க ரெண்டு செல்லையும் நெருக்கி வைக்க அது உதவும். ‘உதவும்’ எண்டு போடு, ‘இல்லாட்டி நடக்காது’ எண்டு போடாத. எல்ஏடி-1ல உண்மையா அடிவாங்குறது நியூட்ரோபில் எண்ட வெள்ளணு, அதுக்கு குழாயை விட்டு வெளிய போக பீட்டா 2 வேணும், அதுதான் ரத்தத்துல குவிஞ்சு கிடக்க புண்ணில சீழ் வராது, தொப்புள்கொடியும் பிந்தித்தான் விழும். இதை எழுதினா கட்டாயம் மார்க்ஸ்.

வெள்ளவத்தைப்_பொடியன்:
ஆ இப்ப விளங்குது. அப்ப தைமஸ விட்டு வெளிய போறதும் இதுகளாலதானா?

லேப்_அக்கா:
அதுக்கு வழி காட்டுறது எஸ்1பி எண்ட கொழுப்புச் சமிக்ஞை, அது ரத்தத்துல அதிகம், தைமஸுக்க குறைவு, முத்தின செல் அதிகமான பக்கம் போகும். மிச்சம் பேப்பர் முடிய கேளுங்கோ, இப்ப போய் படுங்கோ.