30 நிமிட முகங்கள்: ஒரு புதுப்பிப்பு
30 நிமிடத்துக்குள் திரையில் ஒரு முகத்தை வரைந்து முடிக்க இயலவில்லை என்றும், கண்களிலேயே நேரம் கரைந்துவிடுகிறது என்றும் சென்ற மாதம் எழுதியிருந்தேன். இப்போது முதல் 5 நிமிடங்களைத் தலையின் பருமனுக்கும் சாய்வுக்கும் மட்டுமே ஒதுக்கி, ஒளி, நிழல் என இரண்டே பகுதிகளாக முகத்தைப் பிரித்த பின்னரே தூரிகையின் அளவைக் குறைக்கிறேன். கண்கள் தலையுச்சிக்கும் நாடிக்கும் ஏறத்தாழ நடுவில் அமைபவை என்று அறிந்திருந்தும், அவற்றை மேலேற்றியே வரைந்து வந்திருக்கிறேன். படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்த்தபோது தாடையும் ஒரு பக்கம் சரிந்திருந்தது. மாலைகளில் கொழும்பின் காலி முகத்திடலில் 2 நிமிடக் கோட்டுருவங்கள் வரைகிறேன். வெயிலில் திரை தெரியாததால் அங்கே பென்சிலும் தாளும்தான். பட்டம் விடுவோர் அசையாமல் நிற்பதில்லை. இஸ்ஸோ வடை எனும் இறால் வடைக்குக் காத்திருப்போரே நல்ல மாதிரிகள். மூக்கின் அடிநிழல் மட்டும் இன்னமும் மீசையாகவே வந்து விழுகிறது.