வண்ணம் அச்சிட்ட சீன வெள்ளி நாணயத்தில் பிவிசி பசை: எதைக் கொண்டு எடுப்பது?

வணக்கம். சீனச் சிறுவர்களின் பாரம்பரிய விளையாட்டுகளைப் பொறித்த ப்ரூஃப் (கண்ணாடிபோல் பளபளக்கும், சேகரிப்போருக்கான) வெள்ளி நாணயங்கள் சில (பட்டம், சாட்டைப் பம்பரம், காலால் தட்டும் இறகுப்பந்து) பழைய பிளாஸ்டிக் உறையிலேயே இருந்திருக்கின்றன. விளிம்பிலும் எழுத்துகளின் இடுக்கிலும் பச்சை நிறத்தில் பிசுபிசுப்பு, உறையின் பிவிசி பிளாஸ்டிக்கிலிருந்து கசிந்த பசை. வெறும் கறுப்பு என்றால் விட்டுவிடலாம். இது மெல்ல வெள்ளியையே அரிக்கும்.

வண்ணமில்லாத நாணயங்களுக்கு வழி தெரியும். கலப்பில்லாத அசிட்டோன் (நகப்பூச்சு நீக்கி கூடாது, அதில் எண்ணெயும் வாசனையும் சேர்ந்திருக்கும்), கண்ணாடிக் கிண்ணம், 10 நிமிட ஊறல், புது அசிட்டோனில் இன்னொரு முக்கல், துடைக்காமல் காற்றில் உலர்த்தல். பஞ்சு பட்டால்கூட ப்ரூஃப் பரப்பில் மயிரிழைக் கீறல் விழும். வெள்ளி டிப் திரவம் (கறுப்பை நீக்க முக்கியெடுக்கும் ரசாயனம்) வேண்டவே வேண்டாம். அது மேல்படலத்தையே கரைத்து, கண்ணாடிப் பளபளப்பை மங்கடித்துவிடும்.

சிக்கல் வண்ணம் அச்சிட்டவற்றில்தான். குழந்தைகளின் சட்டைச் சிவப்பும் பட்டத்தின் மஞ்சளும் வெறும் மை. அசிட்டோன் பட்டால் கரைந்துவிடும் என்ற பயம். பசை வண்ணத்தை ஒட்டியே இருப்பதால் பாதி மட்டும் முக்கவும் முடியாது.

அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்:
99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இந்த மையைத் தாக்குமா? எத்தனை நிமிடம் வரை தாங்கும்?
ஹெக்சேன் (இன்னொரு கரைப்பான்) பயன்படுத்தியவர்கள் உண்டா? பச்சைப் பசை முழுதாகப் போனதா?

சுத்தம் செய்த பின் வைக்க 40 மி.மீ. அக்ரிலிக் கேப்ஸ்யூல்கள் சென்னையில் எங்கே கிடைக்கும்? உள்வளையம் கறுப்பு ஃபோமாக இல்லாதது வேண்டும், சில ஃபோம்களே வெள்ளியைக் கறுக்க வைக்கின்றன.