மல்லிகைக் கலவையில் சாம்பிராணி முன்னால் வராமல் இருக்க என்ன வழி?

கேள்வி: வாசனைத் திரவியத்துக்காக மல்லிகை அப்சல்யூட் (பூவிலிருந்து எடுக்கும் அடர்ந்த வாசனைச் சாறு), எலுமிச்சை, சந்தன எண்ணெய் கலக்கிறேன். வாசம் நிற்கட்டும் என்று சுமத்ரா சாம்பிராணி சேர்த்தால் பூஜையறை வாசம்தான் தூக்கலாக இருக்கிறது. எவ்வளவு சேர்க்கலாம்?

பதில்: தம்பி, சியாம் வகைக்கு மாறிப் பாருங்கள். லாவோஸ் பக்கத்துச் சரக்கு. வெனிலா சாயல், மென்மையானது. பிசினை அப்படியே போடாதீர்கள். 10 கிராம் பொடியை 90 கிராம் எத்தனாலில் ஊறவைத்து, அவ்வப்போது குலுக்கி, அடியில் தங்கும் கசடை வடிகட்டுங்கள். சொட்டுக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுங்கள். மொத்த வாசனைப் பொருளில் பிசின் 2 சதவீதத்தில் தொடங்கலாம். மல்லிகை மங்கத் தொடங்கினால் அதுதான் எல்லை. எலுமிச்சையை எந்தப் பிசினும் மாலைவரை பிடித்து வைக்காது. அதை எதிர்பார்க்க வேண்டாம்.

பதில்: லாப்டானம் என்ற இன்னொரு செடிப் பிசின் பக்கம் போனால் இன்னும் கவனம். பதப்படுத்திய தோல் வாசம் கொஞ்சத்திலேயே எல்லாவற்றையும் மூடிவிடும். 1 சதவீதக் கரைசலாக எடுங்கள்.

கேள்வி கேட்டவர்: சரி அண்ணா. கலந்ததும் எவ்வளவு நாள் வைக்கணும்?

பதில்: மூன்று வாரமாவது இருட்டில் இருக்கட்டும். காகிதப் பட்டையில் தொட்டு, மறுநாள் காலையிலும் முகருங்கள். பிசின் எவ்வளவு தெரிகிறது என்பது அப்போதுதான் பிடிபடும். அப்புறம், சாம்பிராணி சிலருக்கு ஒவ்வாமை தரும். பிறருக்குக் கொடுக்குமுன் சொல்லிவிடுங்கள்.