5 வருடமாக ஒழுங்காக இருந்தவன் திடீரென்று ஹாலில் ஒன்றுக்குப் போகிறான், என்ன செய்வது?

மாடிவீடு:
எங்கள் நாய் ராக்கி, லேப்ரடார், ஆண், 5 வயது, 30 கிலோ. குட்டியில் பழக்கியதற்குப் பிறகு ஒரு நாள்கூட வீட்டுக்குள் போனதில்லை, அடை மழையிலும் கதவோரம் நின்று முனகுவானே தவிர அடக்கிக்கொள்வான். இப்போது ஒரு வாரமாக ஹாலில், பூஜை அறை வாசலில், நேற்று மாமியார் கட்டிலுக்குப் பக்கத்திலேயே. சொட்டு இல்லை, குளம். பெரம்பூரில் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, காலை 6, மாலை 5, இரவு 10 என்று மூன்று தடவை கீழே இறக்குகிறோம். வீம்புக்குச் செய்கிறான் என்கிறார் மாமியார். நேற்று கோபத்தில் காதைத் திருகிவிட்டேன், அப்புறம் அவன் சோபாவுக்குப் பின்னால் போய்ப் படுத்ததைப் பார்த்து எனக்கே மனசு கேட்கவில்லை. பினாயில் போட்டுத் துடைத்தாலும் அதே இடத்துக்குத்தான் வருகிறான். ராத்திரியில் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடலாமா?

வேப்பமரம்:
கிண்ணத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். சர்க்கரையோ கிட்னி கோளாறோ இருந்தால் உடம்பு தண்ணீரைத் தானாக வெளியே தள்ளும், அதை ஈடுகட்டத்தான் அவன் குடிக்கிறான், தண்ணீரை நிறுத்தினால் ஒரே ராத்திரியில் துவண்டுவிடுவான்.

எப்படிப் போகிறான் என்று பாருங்கள். காலைத் தூக்கிச் சுவரிலும் நாற்காலியிலும் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தால் எல்லை குறிக்கிறான், வீட்டுக்குப் புது ஆளோ புது நாயோ வந்தால் அப்படிச் செய்வார்கள். தூங்கிய இடம் நனைந்திருந்தால் அது கசிவு, கருத்தடை செய்த பெண் நாய்களுக்குத்தான் அது அதிகம். அடிக்கடி முக்கி முக்கிக் கொஞ்சமாக வந்தால் தொற்று, இல்லை கல். (முக்கியும் சொட்டுக்கூட வரவில்லை என்றால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது, அந்த நிமிடமே ஆஸ்பத்திரி.) நீங்கள் சொல்வது குளம். அப்படியென்றால் அநேகமாக நிறையக் குடிக்கிறான். நாளைக்கு ஒரு நாள் அளந்து ஊற்றுங்கள். கிலோவுக்கு 50, 60 மில்லி சாதாரணம், 100ஐத் தாண்டினால் ஏதோ இருக்கிறது.

கோம்பைக்காரன்:
இவ்வளவு யோசிக்க வேண்டாம் சார், எங்கள் அப்பா காலத்தில் போன இடத்தில் மூக்கைத் தேய்த்து ஒரு தட்டு தட்டினால் சரியாகிவிடும்.

வேப்பமரம்:
சரியாகாது அண்ணா, உங்கள் கண்ணில் படாத இடமாகப் பார்த்துப் போகக் கற்றுக்கொள்ளும். சோபாவுக்குப் பின்னால் போய்ப் படுத்தான் என்று அவரே எழுதியிருக்கிறாரே.

மாடிவீடு:
அளந்தேன். 24 மணி நேரத்தில் மூன்றரை லிட்டர்! வெயில் என்று நினைத்து நானேதான் நிரப்பி நிரப்பி வைத்திருக்கிறேன். எல்லை குறிக்கவில்லை, நின்ற இடத்திலேயே விடுகிறான், முக்கவும் இல்லை. பசி மட்டும் பயங்கரம், மாமியார் தட்டில் இருந்த இட்லியையே எடுத்துவிட்டான். வேறு நோய் எதுவும் இல்லை, பத்து நாளுக்கு முன்னால் அரிப்புக்கு ஒரு கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள், அது நன்றாகக் கேட்கிறது.

செவலைஅம்மா:
அந்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பிரெட்னிசலோன் என்று இருக்கிறதா?

மாடிவீடு:
இருக்கிறது அக்கா!! இப்படி ஆகும் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

செவலைஅம்மா:
ஸ்டீராய்டு. தாகம், பசி, மூத்திரம் மூன்றையும் ஏற்றிவிடும், எங்கள் செவலைக்கும் இதே கூத்துதான். கோபத்தில் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், பத்து நாள் கொடுத்ததைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டு சுரக்காமல் படுத்துவிடலாம். டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். கூடவே மூத்திரமும் ரத்தச் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள், ஸ்டீராய்டு ஓடும்போது தொற்று இருந்தாலும் வெளியே தெரியாது. பெரம்பூர் என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தானே, காலையிலேயே போய்விடுங்கள்.

இன்னொன்று, காலை 6 மணிக்குப் போனவனை மாலை 5 வரை வைத்திருக்கிறீர்கள், 11 மணி நேரம். மூன்றரை லிட்டர் குடித்துவிட்டு நம்மால் இருக்க முடியுமா? மாத்திரை முடியும்வரை மதியம் ஒரு நடையும் ராத்திரி 2 மணிக்கு ஒரு நடையும் இறக்கித்தான் ஆக வேண்டும், முடியாவிட்டால் பால்கனியில் பழைய சாக்கு விரியுங்கள். பினாயிலை விடுங்கள், வாசனை நமக்குத்தான் போகும், அவன் மூக்குக்குப் போகாது, பாதத்தை நக்கினால் விஷம் வேறு. செல்லப்பிராணிக் கடையில் என்சைம் கிளீனர் கேளுங்கள், ஊற்றி உடனே துடைக்காமல் கால் மணி நேரம் ஊறவிடுங்கள்.

மாடிவீடு:
போய் வந்தோம். காலையில் போகும் முதல் மூத்திரத்தைப் பிடித்து வரச் சொன்னார்கள், குழம்புக் கரண்டியை நீட்டிக்கொண்டு தெருவில் அவன் பின்னால் ஓடியதைப் பால்காரர் பார்த்துச் சிரித்தார். சர்க்கரை இல்லை, தொற்று இல்லை. மாத்திரையைப் பாதியாக்கி, அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று எழுதியிருக்கிறார்கள். நேற்று தண்ணீர் இரண்டரை லிட்டர். ராத்திரி 2 மணி நடைக்கு நானும் மாமியாரும் முறை போட்டிருக்கிறோம், முழங்கால் வலியோடு இரண்டு மாடி இறங்கி வந்து, "வாடா ராஜா, போய்த் தொலை" என்று கொஞ்சுகிறார். கரண்டி மட்டும் புதிதாக வாங்க வேண்டும்.