சுகார்த்தோவும் மர்சினாவும் ஒரே பட்டியலில்: இது நியாயமா?

கடற்பறவை:
2025 நவம்பர் 10 அன்று ஜகார்த்தாவில் இந்தோனேசிய அதிபர் பிரபோவோ சுபியாந்தோ பத்துப் பேருக்கு ‘தேசிய நாயகர்’ பட்டம் அறிவித்தார். மறைந்தவர்களுக்கு மட்டுமே தரப்படும் பட்டம் இது. பத்துப் பேரில் ஒருவர் சுகார்த்தோ. 32 ஆண்டுகள் நாட்டைத் தன் பிடியில் வைத்திருந்த தளபதி. இன்னொருவர் மர்சினா. அதே சுகார்த்தோவின் ஆட்சியில் 1993 மே மாதம், 24 வயதில் கொல்லப்பட்ட கடிகாரத் தொழிற்சாலைத் தொழிலாளி.

மர்சினாவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிழக்கு ஜாவாவில் சிதோஆர்ஜோ பக்கம் போரோங் என்ற ஊர். நாள் கூலி 1,700 ரூபியா. கூலியை உயர்த்தச் சொல்லி மாகாண ஆளுநரே சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். தொழிலாளர்கள் கேட்டது 2,250. வேலைநிறுத்தம் நடந்தது. மே 5ஆம் தேதி சக தொழிலாளர்கள் 13 பேரை மாவட்ட ராணுவ அலுவலகத்துக்கு வரவழைத்து, ராஜினாமா கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு மர்சினா அங்கே போனாள். அன்று இரவே காணாமல் போனாள். சில நாள் கழித்து ங்கான்ஜுக் என்ற ஊர்ப் பக்கம் காட்டோரம் ஒரு குடிசையில் சித்திரவதைக் காயங்களோடு உடல் கிடைத்தது.

கூலி கேட்டவளும், கூலி கேட்டவர்களை ராணுவ அலுவலகத்துக்குக் கூப்பிட்ட ஆட்சியின் தலைவரும் ஒரே மேடையில் நாயகர்களா? சுகார்த்தோவுக்குப் பட்டம் கூடாது என்பது என் கட்சி.

சேரன்மாதேவி:
தங்கச்சி, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் நான் 1989 முதல் 1996 வரை பண்டுங் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தவன். அங்கே கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஆலைக்குப் பின்னால் ஒரு கிராமம். மாதம் ஒருநாள் யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் ‘போஸ்யான்து’ நடக்கும். உத்தரத்தில் தூக்குக்கோல் தராசு தொங்கும். துணியில் குழந்தையைப் போட்டுக் கொக்கியில் மாட்டி எடை பார்ப்பார்கள். எடையை ஓர் அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பார்கள். கோடு கீழே இறங்கினால் அந்தத் தாய்க்குப் பச்சைப்பயறுக் கஞ்சியும் அறிவுரையும் உண்டு. இதைச் செய்தவர்கள் பக்கத்து வீட்டுப் பெண்களே. அந்த மாதிரி ஏற்பாட்டை நாடு முழுக்கக் கொண்டுபோனது சுகார்த்தோ ஆட்சி.

1966ல் ஆட்சி அவர் கைக்கு வந்தபோது பணவீக்கம் 600 சதவீதத்தைத் தாண்டி நின்றது. 1984ல் அரிசியில் தன்னிறைவு. 1973 தொடங்கி ஆறே ஆண்டில் 61,000க்கு மேல் தொடக்கப் பள்ளிகள். அரசுக் கணக்குப்படி 1976ல் 40 சதவீதமாக இருந்த வறுமை 1996ல் 11 சதவீதம். இவ்வளவும் தானாக நடந்துவிடவில்லை. இன்றைக்கும் லாரிகளின் பின்னால் அவர் சிரிக்கும் படத்தோடு ஒரு வாசகம் எழுதியிருப்பார்கள்: “எப்படி இருக்கே? என் காலம் தேவலையா இருந்துச்சில்ல?” அதை எழுதச் சொல்லி லாரிக்காரரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

நூலகப் பூனை:
அண்ணே, பள்ளிக்கூடம் உண்மை, அரிசி உண்மை. ஆனால் அரசு பட்டத்துக்குச் சொன்ன காரணம் அதுவல்ல. சுகார்த்தோவுக்கு ‘ஆயுதப் போராட்டம், அரசியல்’ என்ற துறையில் கொடுத்திருக்கிறார்கள். 1945ல் யோக்யகர்த்தாவில் கோத்தாபாரு பகுதியில் ஜப்பானியர்களின் ஆயுதங்களைப் பறித்ததைக் குறிப்பிட்டார்கள். 1949 மார்ச் 1 தாக்குதலையும் அவர் பெயரோடு சேர்த்தே பேசுவார்கள். டச்சுக்காரர்கள் கையிலிருந்த யோக்யகர்த்தாவை ஆறு மணி நேரம் பிடித்து வைத்த தாக்குதல் அது. அதை முதலில் யோசித்தவர் அந்த ஊர்ச் சுல்தான் ஒன்பதாம் ஹமெங்குபுவோனோவா, களத்தில் நின்ற சுகார்த்தோவா என்று இன்றுவரை சண்டை. அவர் ஆட்சியில் வந்த பாடநூல்களில் சுல்தான் ஓரமாகத்தான் நின்றார்.

தேக்கா வாசி:
ஒரு சின்ன இடைச்செருகல். இந்தோனேசிய மொழியில் இந்தப் பட்டத்துக்குப் பெயர் ‘பாஹ்லவான்’. நம்ம ஊர் ‘பயில்வான்’ இருக்கிறதே, அதே பாரசீகச் சொல்தான். அங்கே நாயகன் ஆகிவிட்டது, நம்மிடம் மல்யுத்தக்காரனாகவே நின்றுவிட்டது.

சிங்கப்பூரில் இருப்பவனுக்கு இந்தப் பட்டம் வேறு விதமாகத் தெரியும். 1965 மார்ச் 10 அன்று ஆர்ச்சர்ட் சாலை மெக்டொனால்ட் ஹவுஸில் குண்டு வெடித்து மூன்று பேர் செத்தார்கள். மலேசியாவோடு இந்தோனேசியா மோதிய காலம் அது, சிங்கப்பூரும் அப்போது மலேசியாவில்தான். குண்டு வைத்த உஸ்மான், ஹாருன் இருவரும் இந்தோனேசியக் கடற்படை வீரர்கள். 1968ல் சிங்கப்பூர் அவர்களைத் தூக்கிலிட்டது. அதே ஆண்டு சுகார்த்தோ அரசு இருவரையும் தேசிய நாயகர் ஆக்கியது. 1973ல் லீ குவான் யூ ஜகார்த்தா போய் அவர்கள் கல்லறையில் பூத் தூவிய பிறகுதான் உறவு சரியானது. அதனால் இந்தப் பட்டியலை நான் நல்லவர்களின் பட்டியலாக என்றைக்கும் படித்ததில்லை. அந்தந்த நேரத்து அரசுக்கு யார் தேவையோ அவர் பெயர் இருக்கும்.

கடற்பறவை:
தேக்கா வாசி, அப்படியே விட்டுவிட முடியாது. அரசுக்குத் தேவை என்பதற்காகத்தான் என்றால் நாம் எதற்கு வாய் திறக்க வேண்டும்? பள்ளிப் பிள்ளை அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் யார் யோக்கியர் என்று கற்றுக்கொள்கிறது.

1965 அக்டோபர் முதல் அடுத்த சில மாதங்களில் கம்யூனிஸ்ட் என்ற முத்திரை குத்திக் கொல்லப்பட்டவர்கள் 5 லட்சம் முதல் 10 லட்சம் பேர் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அந்த நேரத்தில் ராணுவம் யார் கையில்? 1975 டிசம்பரில் கிழக்குத் திமோருக்குள் புகுந்தது யார் உத்தரவு? 1983 முதல் 85 வரை ‘மர்மத் துப்பாக்கிச் சூடு’ என்ற பெயரில் ரவுடிகள் என்று சொல்லி ஆட்களைச் சுட்டுத் தெருவில் போட்டார்கள். அது மக்களுக்குக் கொடுத்த அதிர்ச்சி வைத்தியம் என்று அவரே தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். இதற்கெல்லாம் ஒரு நாள்கூட அவர் நீதிமன்றக் கூண்டில் நிற்கவில்லை.

சேரன்மாதேவி:
1965ஐ நான் மறுக்கவில்லை. மறுக்கவும் முடியாது. ஆனால் அந்தக் கொலைகளில் ஊர்க்காரனும் மதக் குழுக்களும் கையில் அரிவாளோடு நின்றார்கள். குற்றம் முழுவதையும் ஒரே தலையில் ஏற்றினால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. சுகார்த்தோவுக்கு முன் இருந்த முதல் அதிபர் சுகர்ணோவை மட்டும் யாரும் கேட்பதில்லை. நாடாளுமன்றத்தைக் கலைத்தார், எதிர்த்தவர்களைச் சிறையில் போட்டார், மலேசியாவோடு தேவையில்லாத மோதல். அவருக்கு 2012ல் பட்டம் கிடைத்தபோது யாரும் முணுமுணுக்கவில்லை. அளவுகோல் இரண்டு பேருக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

நூலகப் பூனை:
ஊர்க்காரன் தானாகக் கிளம்பவில்லை அண்ணே. பல இடங்களில் பெயர்ப் பட்டியலும் வண்டியும் ராணுவம் கொடுத்தவை. ஆனால் மதக் குழுக்கள் பற்றிச் சொன்னது சரி. அந்தப் பங்கை ஒப்புக்கொண்டு 2000ல் மன்னிப்புக் கேட்டவர் குஸ் துர், அதாவது முன்னாள் அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித். அவரும் இதே பத்துப் பேரில் இருக்கிறார். சீன வம்சாவளியினர் தங்கள் பண்டிகைகளை வெளியே கொண்டாடக் கூடாது என்று 1967ல் சுகார்த்தோ போட்ட உத்தரவை ரத்து செய்தவரும் அவர்தான். உத்தரவு போட்டவர், அதைக் கிழித்தவர், இருவருக்கும் ஒரே நாளில் மரியாதை.

அப்புறம், அளவுகோல் பற்றிக் கேட்டீர்கள். நவம்பர் 10 ஏன் நாயகர் தினம்? 1945ல் அந்த நாளில்தான் சுரபாயாவில் பிரிட்டிஷ் படையோடு பெரும் போர் மூண்டது. வானொலியில் பேசி அந்த ஊரையே எழுப்பியவர் பூங் தோமோ. அவரை 1978ல் சிறையில் வைத்தது சுகார்த்தோ அரசு. அவர் இறந்தது 1981ல். நாயகர் பட்டம் கிடைத்தது 2008ல். நாயகர் தினத்துக்குக் காரணமானவரே அத்தனை ஆண்டுகள் வரிசையில் நின்றிருக்கிறார்.

இடதுசாரி விடுதலைப் போராளி ‘தான் மலாக்கா’வின் கதை இன்னும் மோசம். 1949ல் சொந்த நாட்டு ராணுவமே அவரைக் கிழக்கு ஜாவாவில் கெதிரி என்ற ஊர்ப் பக்கம் சுட்டுக் கொன்றது. 1963ல் சுகர்ணோ பட்டம் கொடுத்தார். சுகார்த்தோ காலத்தில் பட்டத்தைப் பறிக்கவில்லை, பாடநூலில் பெயரை மட்டும் காணவில்லை. பட்டம் கொடுப்பது ஒன்று, நினைவில் வைப்பது வேறு.

சேரன்மாதேவி:
பூங் தோமோ விஷயம் எனக்கு உறைக்கிறது. ஒப்புக்கொள்கிறேன்.

கடற்பறவை:
அப்படியானால் இதையும் கேளுங்கள் அண்ணே. மர்சினா வழக்கில் தொழிற்சாலை ஆட்களைப் பிடித்துத் தண்டனை கொடுத்தார்கள். அடித்து வாக்குமூலம் வாங்கினார்கள் என்று அவர்கள் சொன்னார்கள். 1995ல் உச்ச நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. அதன்பிறகு இந்தக் கொலைக்காக ஒருவர்கூடத் தண்டனை பெறவில்லை. யார் கொன்றார்கள் என்று சொல்லாமல் அவளை நாயகி ஆக்கினால், அவள் எதை எதிர்த்துப் போனாள் என்பதையே அழிப்பதாகாதா? முதலில் அந்த வழக்குக் கட்டைத் திறக்கட்டும்.

சேரன்மாதேவி:
திறக்க வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. சுகார்த்தோ பட்டத்துக்குத் தகுதியானவர் என்ற என் எண்ணம் இன்னும் மாறவில்லை, அதையும் மறைக்கவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மர்சினா செய்தி வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். எங்கள் ஆலையில் கோன் சுற்றும் பிரிவில் முழுக்கப் பெண்கள், பாதிப் பேர் அவள் வயதுதான். ஒரு வாரம் சாப்பாட்டு இடைவேளையில் சத்தமே இல்லை. என்ன விஷயம் என்று மேற்பார்வைப் பெண்ணிடம் கேட்டேன். அவள் கதவைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள், “ஒன்றுமில்லை ஐயா” என்று சொல்லிவிட்டு மிஷினிடம் போய்விட்டாள்.