இணையக் கதைகளை விக்கியில் எப்படிப் பகுப்பது? தளவாரியாகவா, வடிவவாரியாகவா?

நூலேணி:

வணக்கம். தமிழ்ப் புனைகதைகளுக்கான ஒரு கூட்டு விக்கி, மீடியாவிக்கி மென்பொருளில் ஓடுகிறது. அச்சு நூல்களுக்கான பகுப்பு மரம் ஒழுங்காகத்தான் இருக்கிறது: வடிவம், வகைமை, ஆண்டு என்று மூன்று கிளை. இணையக் கதைகளில்தான் குழப்பம். ஆளுக்கொரு பகுப்பு தொடங்கியதில் “இணைய நாவல்கள்”, “இணையத் தொடர்கதைகள்”, “பிரதிலிபி கதைகள்”, “வாட்பேட் கதைகள்”, “வலைப்பூ கதைகள்”, “வலைப்பூக் கதைகள்”, “கிண்டில் நாவல்கள்”, “முடியாத தொடர்கள்” எல்லாம் ஒரே மட்டத்தில் கிடக்கின்றன. ஒரு கதை ஐந்து பகுப்பில் இருக்கிறது, இன்னொன்று எதிலுமே இல்லை.

தெளிய வேண்டியவை இவை. எதுவரை இணையக் கதை? இணையத்தில் வந்து பிறகு புத்தகமானால் அந்தப் பகுப்பிலிருந்து எடுத்துவிட வேண்டுமா? தளத்தின் பெயரில் பகுப்பு வைப்பது சரியா? ரசிகர் புனைவை (பிறர் படைத்த கதையை, பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதுவதை) எதன் கீழ் வைப்பது? முடிவு எட்டிய பிறகு இருக்கிற பகுப்புகளை உடைத்துக் கட்டுவது எப்படி?

பகுப்பாளி:

முதல் கேள்வியைத் தீர்த்தால் பாதி வேலை முடிந்தது. “இப்போது எங்கே கிடைக்கிறது” என்பதை வைத்துப் பகுக்காதீர்கள். “முதலில் எங்கே வெளியானது” என்பதை வையுங்கள். கிடைக்குமிடம் மாறிக்கொண்டே இருக்கும். தொடர் முடிந்து புத்தகம் அச்சுக்குப் போனதும் அத்தியாயங்களைத் தளத்திலிருந்து தூக்கிவிடுவது தமிழ்த் தொடர்கதைத் தளங்களில் அன்றாட நடப்பு. அப்போதெல்லாம் பகுப்பையும் மாற்றுவதென்றால் அதற்கே தனி ஆள் போட வேண்டும். முதல் வெளியீடு என்பது நடந்து முடிந்த செய்தி, பிறகு மாறாது.

இதை இரண்டு முனையிலும் சோதித்துப் பாருங்கள். மகாபாரதத்தை நாவல்களாக மறுபுனையும் ஜெயமோகனின் வெண்முரசு 2014 ஜனவரி 1-இல் தொடங்கி 2020 ஜூலை வரை ஆசிரியரின் இணையதளத்தில் நாள்தோறும் வந்தது, 26 நாவல்கள். அச்சுப் பதிப்புகள் பின்னால் வந்தவை. ஆகவே அது இணையத் தொடர். பொன்னியின் செல்வன் இன்று, தமிழ் நூல்களை மின்னாக்கும் மதுரைத் திட்டத்தில் முழுதாகப் படிக்கக் கிடைக்கிறது. ஆனால் அது 1950களில் கல்கி இதழில் வந்த தொடர். மின்னாக்கம் செய்ததால் அது இணையக் கதை ஆகிவிடாது. ஆங்கிலத்தில் ஆண்டி வியரின் ‘த மார்ஷியன்’ 2011-இல் அவருடைய தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக வந்து, கிண்டிலுக்குப் போய், 2014-இல் பெரிய பதிப்பகத்தின் அச்சு நூலானது. புத்தகக் கடையில் பார்த்தவர் அதை இணையக் கதை என்று நினைக்கமாட்டார். நம் விதிப்படி அதுவும் இணையக் கதையே.

“மின்னிலக்கியம்” என்று ஒரு பகுப்பைத் திறந்து எல்லாவற்றையும் அதில் கொட்டிவிடவும் வேண்டாம். மீயுரைக் கதை (இணைப்புகளைச் சொடுக்கி வாசகரே வழி தேர்ந்து படிக்கும் கதை) வேறு, இணையக் கதை வேறு. மைக்கேல் ஜாய்ஸின் ‘ஆஃப்டர்நூன்’ மீயுரைக் கதைகளில் முன்னோடி, ஆனால் வட்டில் விற்கப்பட்டது. வலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஜெஃப் ரைமனின் ‘253’ 1996-இல் வலையிலேயே வந்த மீயுரைக் கதை, 1998-இல் அச்சானது. முன்னது ஒரு பகுப்பில் நிற்கும், பின்னது இரண்டிலும் நிற்கும். அப்படி நிற்பதில் பிழையேதும் இல்லை.

தளப்பெயர்ப் பகுப்புக்கு என் வாக்கு ‘வேண்டாம்’. ஒரே கதையை மூன்று தளத்தில் ஏற்றுகிறார்கள். தளமும் நிலையில்லை: 2009-இல் ஜியோசிட்டீஸ் என்ற இலவச வலைப்பக்கச் சேவை மூடப்பட்டபோது அதிலிருந்த பக்கங்களுக்கு என்ன ஆயிற்று என்று யோசியுங்கள். தளத்தின் பெயர் தகவற்பெட்டியில் (பக்கத்தின் ஓரத்தில் விவரங்களைத் தரும் அட்டவணையில்) ஒரு புலமாக இருக்கட்டும்.

ஒற்று_மிகும்:

பெயர் விஷயத்தை யாரும் தொடவில்லை. “வலைப்பூ கதைகள்”, “வலைப்பூக் கதைகள்” என்று இரண்டு இருப்பது தற்செயல் இல்லை. நமக்கு அது சந்திப்பிழை, மென்பொருளுக்கு அவை இரண்டு வெவ்வேறு தலைப்பு. “இணைய புதினங்கள்” என்று ஒருவர் தட்டினால் சிவப்பு இணைப்பாக (இல்லாத பக்கத்துக்கான இணைப்பாக) ஒரு புதுப் பகுப்பு முளைத்துவிடும். பக்கமும் அதில் போய் உட்கார்ந்துவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. “வேண்டிய பகுப்புகள்” என்ற சிறப்புப் பக்கத்தை வாரம் ஒருமுறை திறந்தால் இவை வரிசையாக மாட்டும்.

கண்ணுக்குத் தெரியாத வகையும் உண்டு. ஒகரத்தை ஒற்றைக் குறியீடாகத் தட்டினாலும், கொம்பு, கால் என்று இரண்டாகத் தட்டினாலும் மீடியாவிக்கி ஒன்றாக்கிக்கொள்ளும், அதில் கவலையில்லை. ஆனால் “ஔ” போட வேண்டிய இடத்தில் “ஒ”வும் “ள”வும் சேர்த்துத் தட்டியிருந்தால் ஒன்றாக்காது. சில விசைப்பலகைகள் சொல்லின் கடைசியில் விட்டுச்செல்லும் அகலமில்லா இணைப்புநீக்கி (ZWNJ) என்ற கண்ணுக்குத் தெரியாத குறியையும் அது தானாக எடுக்காது. “இரண்டும் ஒரே பெயர்தானே, ஏன் இரண்டு பகுப்பு?” என்று யாராவது கேட்டால் அங்கேதான் தேட வேண்டும்.

“புதினமா நாவலா” என்ற சண்டையை ஒரே நாளில் முடியுங்கள். அச்சு மரத்தில் எது இருக்கிறதோ அதுவே இங்கும். நான் புதினம் கட்சி, ஆனாலும் உங்கள் மரம் “நாவல்கள்” என்றிருந்தால் “இணைய நாவல்கள்” என்றே வையுங்கள். தாய்ப் பகுப்பில் நாவல், சேய்ப் பகுப்பில் புதினம் என்று இருந்தால் தேடுகிறவர்தான் அல்லாடுவார்.

தேனடை:

பகுப்பாளியின் விதி நாவலுக்குச் சரி. சிறுகதைக்கு அதை அப்படியே போட்டால் உடையும். திண்ணை, பதிவுகள், சொல்வனம் போன்ற இணைய இதழ்களில் முதலில் வந்த சிறுகதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சிதழில் வந்திருந்தாலும் அந்தக் கதைகள் அதே கதைகள்தான். இணையம் அவற்றுக்கு வெறும் தாள். முதல் வெளியீடு ஒன்றையே அளவுகோலாக்கினால் கடந்த சில ஆண்டுச் சிறுகதைகளில் பெரும்பங்கு “இணையச் சிறுகதைகள்” ஆகிவிடும். எல்லாவற்றையும் பிடிக்கிற பகுப்பு எதையும் சொல்வதில்லை.

அதனால் இரண்டாவதாக ஒரு சோதனை வேண்டும்: இணையம் அந்தக் கதையின் உருவத்தில் தெரிகிறதா? அத்தியாயம் அத்தியாயமாக வந்தது, இடையில் வாசகர் பின்னூட்டம் விழுந்தது, இணைப்புகளால் கிளை பிரிவது, முகநூல் நிலைத்தகவலின் அளவுக்குச் சுருங்கியது என்று ஏதாவது ஒன்று. இல்லையென்றால் முதல் வெளியீட்டுப் புலத்தில் இதழின் பெயரை எழுதிவிட்டு விடலாம்.

கிண்டிலில் நேரடியாக வந்த நாவலையும் நான் இதில் சேர்க்கமாட்டேன். அது முழுக் கோப்பாக விற்பனைக்கு வருகிறது, நூல்போலவே. “மின்னூலாக முதலில் வெளியானவை” என்று தனியாக வையுங்கள். வலைப்பூவில் வந்த கதைகளைத் தொகுத்து ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் மின்னூலாக வெளியிட்டிருந்தால் அது வேறு கணக்கு: முதல் வெளியீடு வலைப்பூதான்.

பகுப்பாளி:

சிறுகதை பற்றிச் சொன்னது சரி, ஏற்கிறேன். கிண்டிலில் உடன்பாடில்லை. வாசகர் தேடும்போது “அச்சுக்கு வராமல் திரையில் பிறந்தவை” என்று ஒன்றாகத்தான் தேடுவார். தனியாக வைத்தாலும் இரண்டுக்கும் மேலே “மின்வெளியீட்டுப் புனைவுகள்” என்று ஒரு கொள்கலப் பகுப்பு போட்டு அதில் துணைப்பகுப்புகளை மட்டும் வையுங்கள், பக்கங்களை வைக்காதீர்கள்.

நூலேணி:

நன்றி. இரண்டு சோதனையையும் எடுத்துக்கொள்கிறோம், கிண்டிலுக்குத் தனிப் பகுப்பு. மிச்சம் மூன்று: ரசிகர் புனைவு, “முடியாத தொடர்கள்”, பழையதை மாற்றும் வழி. இன்னொன்று, முதல் வெளியீட்டுத் தேதியை எதை வைத்து நம்புவது? பாதி இணைப்புகள் செத்துக் கிடக்கின்றன.

தேனடை:

ரசிகர் புனைவை இணையக் கதையின் கீழ் வைக்காதீர்கள். அது எங்கே வெளியானது என்பதைச் சொல்லும் சொல் இல்லை, எதிலிருந்து பிறந்தது என்பதைச் சொல்லும் சொல். ஸ்டார் ட்ரெக் ரசிகர்களின் ‘ஸ்பாக்கனாலியா’ 1967-லேயே தாளில் வந்த ரசிகர் இதழ். பொன்னியின் செல்வனின் கதையைத் தொடர்ந்து பிறர் எழுதிய நாவல்களும் அச்சில் உண்டு. ஆகவே “வழிப்புனைவுகள்” என்று தனிக் கிளை. அதன் கீழ் ரசிகர் புனைவு, காப்பிய மறுபுனைவு. வெண்முரசு இரண்டாவதில் வரும். யாராவது அதை முதலாவதில் போடுவார், பேச்சுப் பக்கம் பற்றி எரியும். பகுப்புப் பக்கத்தின் தலையிலேயே எது சேரும், எது சேராது, சேராதது எங்கே போகும் என்று மூன்று வரி எழுதிவைத்துவிடுங்கள்.

தேதிக்கு: வலைப்பதிவில் தெரியும் தேதி மட்டும் போதாது, எழுதியவரே அதை மாற்ற முடியும். பழைய வலைப்பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் அந்தப் பக்கம் முதன்முதலில் சேமிக்கப்பட்ட நாளைப் பாருங்கள். அது “இந்த நாளுக்குள் வெளியாகிவிட்டது” என்பதற்குத்தான் சான்று, வெளியான நாளுக்கே சான்று இல்லை. பின்னூட்டங்களின் தேதியும் சேர்ந்தால் இன்னும் உறுதி. மூடிய முகநூல் குழுவிலோ வாட்ஸ்அப்பிலோ வந்த தொடரை மூன்றாமவர் சரிபார்க்க வழியில்லை. அதற்கு ஆண்டுப் பகுப்பு போடாதீர்கள். இனி புதுப்பக்கம் தொடங்கும் அன்றே இணைப்பை வேபேக்கில் சேமித்து, அந்த முகவரியையும் புலத்தில் போடச் சொல்லுங்கள்.

கொத்தனார்:

செய்முறையை நான் சொல்கிறேன். பகுப்பைக் கையால் போடவிடாமல் தகவற்பெட்டி வழியாக விழவையுங்கள். புலங்கள் ஆறு போதும்: முதல் வெளியீடு, வடிவம், தளம், தொடக்கம், முடிவு, சேமித்த முகவரி. “முதல் வெளியீடு” புலத்தில் இணையம், அச்சு, மின்னூல் என்ற மூன்று சொல் மட்டும் செல்லும். வேறெது வந்தாலும் “சரிபார்க்க வேண்டிய பக்கங்கள்” என்ற மறைபகுப்புக்கு (வாசகர் கண்ணில் படாத பகுப்புக்கு) போகும்படி வார்ப்புருவில், அதாவது தகவற்பெட்டியை உருவாக்கும் நிரலில், எழுதுங்கள். பெயரிட்ட புலங்களில் முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை மென்பொருளே வெட்டிவிடும். ஒற்று_மிகும் சொன்ன அந்த அகலமில்லாக் குறியை வெட்டாது. “இணையம்” என்று சரியாக எழுதியும் சரிபார்க்கும் பட்டியலில் விழுந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

கட்டாயமாக ஒன்று: பக்கம் முதன்மைப் பெயர்வெளியில் (பயனர், பேச்சுப் பக்கங்கள் சேராத, கட்டுரைகளுக்கான பகுதியில்) இருந்தால் மட்டுமே பகுப்பு விழ வேண்டும் என்ற நிபந்தனை. மறந்தால் பயனர்களின் மணல்தொட்டி வரைவெல்லாம் வாசகர் பார்க்கும் பகுப்பில் வந்து நிற்கும். பேச்சுப் பக்கத்தில் ஒரு பகுப்பைச் சும்மா சுட்டும்போதும் முன்னால் முக்காற்புள்ளி வேண்டும்:

[[:பகுப்பு:இணையத் தொடர்கதைகள்]]

அது இல்லையென்றால் இணைப்பு தெரியாது, பேச்சுப் பக்கமே பகுப்பில் சேர்ந்துவிடும்.

இந்த வழியில் ஒரு குறையும் உண்டு. வார்ப்புரு போட்ட பகுப்பு பக்கத்தின் மூலத்தில் இருக்காது, பகுப்புகளைச் சேர்க்கவும் நீக்கவும் உதவும் ஹாட்கேட் கருவியால் அதை நீக்க முடியாது. புதியவர்கள் “அழிக்க அழிக்க வருகிறது” என்று புலம்புவார்கள். வார்ப்புருவின் விளக்கப் பக்கத்தில் இதை எழுதிவையுங்கள்.

“முடியாத தொடர்கள்” வாசகருக்கான பகுப்பு இல்லை, பராமரிப்புக்கானது, அதை மறைத்துவிடுங்கள். முடிவுப் புலம் காலியாக இருந்தால் அதில் விழட்டும். “ஓராண்டாகப் புது அத்தியாயம் இல்லை” என்பதை நேரச் சார்பை வைத்து வார்ப்புருவே கண்டுபிடிக்கும்படி எழுத ஆசை வரும். எழுதலாம், ஆனால் நாள் கடந்ததும் பக்கம் தானாகப் பகுப்பு மாறாது. யாராவது பக்கத்தைத் தொகுத்தாலோ, தானியங்கி ஒன்று வெற்றுத்தொகுப்பு (எதையும் மாற்றாமல் சேமிப்பது) செய்தாலோதான் மாறும். மாதம் ஒருமுறை தானியங்கியை ஓட்ட ஆள் இல்லையென்றால் இந்த நகாசு வேலையே வேண்டாம்.

மாற்றும் வரிசை: முதலில் தரவுத்தளத்தின் நகல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து வார்ப்புருவைப் பத்துப் பக்கத்தில் மட்டும் போட்டுப் பாருங்கள். அந்தப் பத்தில் அச்சானது, கிண்டில், மீயுரை, ரசிகர் புனைவு ஒவ்வொன்றாவது இருக்கட்டும். பிறகு பைவிக்கிபாட் என்ற தானியங்கிக் கருவித்தொகுப்பின் பகுப்பு நகர்த்தும் நிரலை ஒவ்வொரு பழைய பகுப்பாக ஓட்டுங்கள். பகுப்புப் பக்கத்தை மட்டும் நகர்த்தினால் உள்ளே உள்ளவை கூட வராது. பழைய பெயரிலிருந்து புதியதற்கு வழிமாற்று போட்டாலும் வராது, பழைய பெயரிலேயே தொங்கும். எல்லாம் மாறி முடிந்ததும் பழைய பகுப்புப் பக்கத்தில் “இதற்குப் பதில் இது” என்று ஓர் அறிவிப்பு வைத்துவிட்டு, ஒரு மாதத்துக்குப் பின் உள்ளே ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். வார்ப்புருவை மாற்றிய உடனே பகுப்பு எண்ணிக்கை மாறவில்லையென்றாலும் பதற வேண்டாம், பின்னணியில் நடக்கும் பணிவரிசை மெதுவாக ஓடும்.

ஒற்று_மிகும்:

ஆர்ச்சிவ் ஆஃப் அவர் ஓன் என்ற ரசிகர் புனைவுத் தளத்தில் இந்த வழிமாற்றுச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்திருக்கிறார்கள். எழுதுகிறவர் எந்தக் குறிச்சொல்லையும் போடலாம்; தன்னார்வலர்கள் பின்னால் உட்கார்ந்து, ஒரே பொருள் தரும் சொற்களை ஒரு தலைச்சொல்லோடு கட்டுகிறார்கள். தேடும்போது எல்லாம் ஒன்றாக வரும். மீடியாவிக்கியின் பகுப்பில் அந்த வசதி இல்லை. கார்கோ நீட்சி போட்டுப் புலங்களை அட்டவணையாகச் சேமித்தால், “2015-க்குப் பின் இணையத்தில் தொடங்கிய, அச்சுக்கும் வந்த நாவல்கள்” போன்ற குறுக்குத் தேடல்களைப் பகுப்பு இல்லாமலே எடுக்கலாம். “அச்சான இணையத் தொடர்கள்” என்றெல்லாம் புதுப் பகுப்பு தொடங்கும் ஆசையும் அடங்கும்.

நூலேணி:

கார்கோ இருக்கிறது, இதுவரை பயன்படுத்தவில்லை. அப்படியானால் “இணையத் தொடர்கதைகள்” பகுப்பை ஆண்டுவாரியாக உடைக்க வேண்டுமா?

கொத்தனார்:

இப்போதைக்கு வேண்டாம். பகுப்புப் பக்கம் ஒரு திரைக்கு 200 உறுப்பினர் காட்டும். அதைத் தாண்டிய பிறகு யோசியுங்கள். அப்போதும் ஆண்டுவாரியாக வேண்டாம், வடிவவாரியாக உடையுங்கள். சில தொடர்கள் மூன்று, நான்கு ஆண்டு ஓடுகின்றன. தொடங்கிய ஆண்டா முடிந்த ஆண்டா என்று அடுத்த இழை ஒன்று இங்கே திறக்க வேண்டியிருக்கும்.