பேட்ச் ஃபைல் ஓடி முடிந்தும் கறுப்பு விண்டோ மூட மாட்டேன் என்கிறது, உதவி தேவை

தாராவி கணக்கர்:
வணக்கம். தாராவி 90 அடி சாலைப் பக்கம் தோல் பை தைக்கும் பட்டறை ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். விண்டோஸ் 11. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் பையன்கள் ஒரு பேட்ச் ஃபைலை (கட்டளைகளை வரி வரியாக ஓட்டும் ஃபைல்) டபுள் கிளிக் செய்வார்கள். அது முந்தின நாள் கணக்கை வெளி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுக்கும், இன்னொரு பேட்ச் ஃபைலை ஓட்டும், கடைசியில் பில்லிங் சாப்ட்வேரைத் திறக்கும். வேலையெல்லாம் நடக்கிறது. ஆனால் இரண்டு கறுப்பு விண்டோ அப்படியே நிற்கின்றன. கடைசி வரியில் எக்ஸிட் போட்டும் பயனில்லை. பையன்கள் எரிச்சலில் எக்ஸ் பட்டனை அமுக்கிவிடுகிறார்கள். ஒருநாள் நகல் ஓடும்போதே அமுக்கிவிடுவார்களோ என்றுதான் பயம். ஃபைல் இதுதான் (படிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் போடுகிறேன்; ரோபோகாபிதான் நகல் எடுக்கும் கட்டளை, /இ உள் ஃபோல்டர்களையும் சேர்க்கும்):

@எக்கோ ஆஃப்
ரோபோகாபி டி:\கணக்கு எஃப்:\நகல் /இ
ஸ்டார்ட் அறிக்கை.பேட்
"டி:\பில்லிங்\பில்லிங்.இஎக்ஸ்இ"
எக்ஸிட்

ஐரோலி:
கடைசியில் டாஸ்க்கில் /எஃப் /ஐஎம் சிஎம்டி.இஎக்ஸ்இ என்று ஒரு வரி சேருங்கள். எல்லா கறுப்பு விண்டோவும் ஒரே அடியில் போய்விடும்.

செம்பூர்வாசி:
தம்பி ஐரோலி, அதை மட்டும் வேண்டாம். அந்த நேரத்தில் ஓடுகிற எல்லா சிஎம்டியையும், அதாவது பேட்ச் ஃபைல்களை ஓட்டுகிற புரோகிராமையே, அது கொன்றுவிடும். அறிக்கை எடுக்கிற ஃபைல் பாதியில் இருந்தால் மிச்ச வரிகள் ஓடாது, யாருக்கும் தெரியவும் தெரியாது. அதுவும் போக, பில்லிங் திறந்திருக்கும்வரை அவருடைய ஃபைல் அந்தக் கடைசி வரிக்கே வராது. ஒரு விண்டோ நிற்கிறது என்றால் அது எதற்கோ காத்திருக்கிறது. எதற்கு என்று பார்த்தால் போதும்.

கணக்கர் ஐயா, உங்களுடைய இரண்டு விண்டோவுக்கும் இரண்டு வேறு காரணம்.

முதல் விண்டோ பில்லிங்குக்காக நிற்கிறது. பேட்ச் ஃபைலுக்குள் ஒரு சாப்ட்வேரை நேராகக் கூப்பிட்டால், அதை மூடும்வரை சிஎம்டி அடுத்த வரிக்குப் போகாது. அதனால் உங்கள் எக்ஸிட்டுக்கு முறையே வரவில்லை. வரியை இப்படி மாற்றுங்கள்:

ஸ்டார்ட் "" "டி:\பில்லிங்\பில்லிங்.இஎக்ஸ்இ"

அந்த வெறும் மேற்கோள் குறிகளை விட்டுவிடாதீர்கள். ஸ்டார்ட்டுக்குப் பிறகு மேற்கோளுக்குள் முதலில் வருவதை அது விண்டோவின் தலைப்பாக எடுத்துக்கொள்ளும். வெறும் குறி இல்லையென்றால் பில்லிங் திறக்காது, அந்தப் பாதையைத் தலைப்பாகத் தாங்கி இன்னொரு காலிக் கறுப்பு விண்டோதான் திறக்கும். நிறைய பேர் மாட்டிக்கொள்கிற இடம் இது.

இரண்டாவது விண்டோ வேறு கதை. ஸ்டார்ட்டிடம் பேட்ச் ஃபைலைக் கொடுத்தால் அது சிஎம்டி /கே என்று திறக்கும். கே என்றால் முடித்த பிறகும் திறந்தே இரு என்று பொருள். சி என்றால் முடித்ததும் மூடு. தனி விண்டோ தேவையில்லை என்றால் ஸ்டார்ட்டுக்குப் பதில் கால் (கூப்பிடு) என்ற கட்டளையைப் போடுங்கள்:

கால் அறிக்கை.பேட்

அறிக்கை முடிந்த பிறகுதான் பில்லிங் திறக்கும். அது நல்லதுதான். ஆனால் அறிக்கை.பேட் உள்ளே வெறும் எக்ஸிட் இருந்தால் அங்கேயே மொத்தமும் மூடிவிடும். எக்ஸிட் /பி என்று மாற்றுங்கள், தாய் ஃபைலுக்குத் திரும்பி வரும். தனியாகத்தான் ஓட வேண்டுமென்றால் ஸ்டார்ட் "" /மின் சிஎம்டி /சி அறிக்கை.பேட். டாஸ்க்பாரில் சுருங்கி ஓடி, முடிந்ததும் தானாக மூடும்.

மாட்டுங்காக்காரி:
அண்ணா, இடையில் வருகிறேன், மன்னிக்கவும். என் ஃபைலில் ரோபோகாபி மட்டும்தான். நகல் சரியாக முடிகிறது. ஆனால் "ப்ராசஸ் எக்ஸிட்டட் வித் கோட் 1" என்று சொல்லி விண்டோ நிற்கிறது. புதிதாக நகலெடுக்க ஒன்றும் இல்லாத நாளில் மட்டும் ஒழுங்காக மூடுகிறது!

செம்பூர்வாசி:
நீங்களே பாதி கண்டுபிடித்துவிட்டீர்கள், அம்மா. ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஒரு எண்ணைச் சொல்லும். மற்ற கட்டளைகளில் பெரும்பாலும் 0 என்றால் வெற்றி, வேறு எண் என்றால் கோளாறு. ரோபோகாபிக்கு 0 என்றால் நகலெடுக்க ஒன்றுமில்லை, 1 என்றால் ஃபைல்கள் நல்லபடி நகலாகின. 8-ம் அதற்கு மேலும்தான் உண்மையான தோல்வி. உங்கள் விண்டோஸ் டெர்மினல் (அந்தக் கறுப்பு விண்டோவைக் காட்டும் ஆப்) செட்டிங்கில், புரொஃபைலுக்குள் அட்வான்ஸ்டு பகுதியில், வெற்றியாக முடிந்தால் மட்டும் மூடு என்பது தேர்வாகியிருக்கும். அது 1-ஐத் தோல்வி என்று நினைக்கிறது. செட்டிங்கைத் தொடாமலே சரி செய்யலாம். ரோபோகாபிக்கு அடுத்து இந்த இரண்டு வரி:

இஃப் எரர்லெவல் 8 பாஸ்
எக்ஸிட் 0

எரர்லெவல் என்பது கட்டளை முடியும்போது சொல்லும் அந்த எண். இங்கே எரர்லெவல் 8 என்றால் 8-ம் அதற்கு மேலும் என்று அர்த்தம். பாஸ் என்றால் ஒரு கீயை அமுக்கும்வரை நில். நகல் கெட்டால் விண்டோ நின்று உங்களைக் கூப்பிடும், நல்லபடி முடிந்தால் மூடிக்கொள்ளும். கணக்கர் ஐயா, இதில் முதல் வரியை நீங்களும் ரோபோகாபிக்குக் கீழே சேர்த்துக்கொள்ளுங்கள். விண்டோ மூடுவதைவிட, நகல் எடுபடாத காலையில் அது மூடாமல் இருப்பது முக்கியம்.

தாராவி கணக்கர்:
ரொம்ப நன்றி. இரண்டு விண்டோவும் போய்விட்டன. ஆனால் சில நாள் காலையில் முதல் விண்டோ "வெயிட்டிங் 30 செகண்ட்ஸ், ரீட்ரையிங்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே நிற்கிறது. பில்லிங்கும் திறப்பதில்லை.

செம்பூர்வாசி:
வேறு கம்ப்யூட்டரிலிருந்து யாராவது அந்தக் கணக்கு ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறார்களா?

தாராவி கணக்கர்:
ஆமாம், மேல்மாடியில் முதலாளியின் மகள் சில நாள் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிடுவார்.

செம்பூர்வாசி:
அதுதான். ஒரு ஃபைல் பூட்டியிருந்தால் ரோபோகாபி 30 வினாடி பொறுத்து மறுபடி முயலும். நாம் எதுவும் சொல்லாவிட்டால் 10 லட்சம் முறை முயலும். பெருக்கினால் 3 கோடி வினாடி, ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு! இப்படி எழுதுங்கள்:

ரோபோகாபி டி:\கணக்கு எஃப்:\நகல் /இ /ஆர்:2 /டபிள்யூ:5 /லாக்+:எஃப்:\நகல்பதிவு.டிஎக்ஸ்டி

இரண்டு தடவை, ஐந்தைந்து வினாடி. முடியாவிட்டால் அந்த ஃபைலை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். கடைசியில் எரர்லெவல் 8 வந்து பாஸ் நிற்கும், எந்த ஃபைல் விடுபட்டது என்பது பதிவு ஃபைலில் இருக்கும். திரையில் ஒன்றும் ஓடாது, எல்லாம் பதிவுக்குள் போய்விடும். அதனால் விண்டோ வெறுமையாக இருந்தால் பதற வேண்டாம் என்று பையன்களிடம் சொல்லிவையுங்கள்.

தாராவி கணக்கர்:
அருமை. ஒரே ஒரு சந்தேகம். /இ-க்குப் பதில் /எம்ஐஆர் போடச் சொல்கிறார் ஒரு நண்பர். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்குமாம்.

செம்பூர்வாசி:
ஒரே மாதிரி இருக்கும், உண்மைதான். மூலத்தில் இல்லாததை நகலிலிருந்தும் அழித்துத்தான் அப்படி ஆக்கும். டி டிரைவில் யாராவது கை தவறி ஒரு மாதத்து பில்லை அழித்தால், மறுநாள் காலை உங்கள் பேட்ச் ஃபைல் ஹார்ட் டிஸ்கிலும் அதை அழித்துவிடும். /இ-யே இருக்கட்டும்.